இரு புள்ளிகளுக்கு இடையே

நுழையும்முன்

பட்டை விளக்கப்படம் வரையாமல் பள்ளிக் கல்வியைக் கடந்தவர் எவரும் இலர். ஊருக்கொரு பட்டை, பயிருக்கொரு பட்டை, தொழிலுக்கொரு பட்டை என வரைந்து, எது உயர்ந்தது, எது தாழ்ந்தது எனக் கண்ணாலேயே தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். அந்த உயரத்தை எவ்வளவு நம்பலாம் என்று கேட்பவர் சிலரே. அக்கேள்வியை இந்திய வயல்களுக்கும் வீடுகளுக்கும் எடுத்துச்சென்ற பிரசாந்த சந்திர மகலனோபிஸின் வாழ்க்கையை இப்பாடம் கூறுகிறது.

கொல்கத்தாவின் கார்ன்வாலிஸ் தெருவில் 1893ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் நாள் மகலனோபிஸ் பிறந்தார். அவருடைய பாட்டனார் குருசரண் பிரம்ம சமாஜத்தில் ஈடுபட்டவர். ஊர்வழக்கத்தை மீறிக் கைம்பெண் ஒருவரை மணந்தவர். தேவேந்திரநாத தாகூரின் நண்பர். தாய்மாமன் நீல்ரத்தன் சர்க்கார் வங்கத்தின் புகழ்பெற்ற மருத்துவர். நெடுநாள் வழக்கம் என்பதற்காகவே ஒன்றை ஏற்றுக்கொள்ளாத குடும்பம் அது. பிரம்ம ஆண்கள் பள்ளியில் பயின்று 1908இல் தேறிய மகலனோபிஸ், பிரசிடென்சி கல்லூரியில் சேர்ந்தார். ஜகதீச சந்திர போசும் பிரபுல்ல சந்திர ராயும் அங்கே அவருக்கு ஆசிரியர்களாக வாய்த்தனர். 1912இல் இயற்பியலில் சிறப்புப் பட்டம் பெற்றார்.

மறு ஆண்டு அவர் இங்கிலாந்துக்குக் கப்பலேறியது இலண்டன் பல்கலைக்கழகத்தில் பயில்வதற்காக. ஆயினும், ஒருநாள் கேம்பிரிட்ஜைச் சுற்றிப்பார்க்கச் சென்றவர், கிங்ஸ் கல்லூரியின் கோயில் அழகில் தம்மை மறந்து கடைசி இரயிலைத் தவறவிட்டார். நண்பர் ஒருவர் இல்லத்தில் தங்கிய அவ்விரவே அவருடைய கல்விப்பாதை மாறிற்று. கிங்ஸ் கல்லூரியிலேயே சேர்ந்து கணிதமும் இயற்பியலும் கற்றார்.

1914இல் அதே நகருக்கு வந்துசேர்ந்த சீனிவாச இராமானுஜனும் மகலனோபிஸும் நெருங்கிப் பழகினர். ஒரு குளிர்நாளில் இராமானுஜன் கணப்பருகே ஒடுங்கி அமர்ந்திருப்பதை மகலனோபிஸ் கண்டார். இரவில் மேலங்கியை அணிந்து சால்வையைப் போர்த்திக்கொண்டு உறங்குவதாகவும், அப்படியும் குளிர் விடுவதில்லை என்றும் இராமானுஜன் கூறினார். படுக்கையறைக்குள் சென்று பார்த்தால், கம்பளிகள் யாவும் மெத்தையோடு சேர்த்து இறுக்கமாகச் செருகப்பட்டிருந்தன. அவற்றை விலக்கி உள்ளே நுழைந்து படுக்கவேண்டும் என்பதை அக்கணிதமேதைக்கு எவரும் சொல்லியிருக்கவில்லை. மகலனோபிஸ் அவற்றை விலக்கிக் காட்டினார். எண்களின் ஆழத்தைக் கண்டவரும் எண்களை அன்றாட வாழ்வில் தேடப்போகிறவரும் நின்ற அந்தச் சிறிய அறையை எண்ணிப்பார்ப்பது இனிமையானது.

1915இல் இயற்பியல் தேர்வில் முதல் வகுப்பில் வென்ற அவர், விடுமுறைக்குத் தாயகம் திரும்ப ஆயத்தமானார். முதல் உலகப்போரால் கப்பல் புறப்படுவது தாமதமாயிற்று. காத்திருந்த நாள்களில் கிங்ஸ் கல்லூரி நூலகத்தில் பொழுதைப் போக்கினார். அங்கே ஆசிரியர் மெக்காலே ‘பயோமெட்ரிகா’ என்னும் இதழின் தொகுதிகளைச் சுட்டிக்காட்டினார். புரட்டிப் பார்த்தவர் முழுத்தொகுதியையும் விலைகொடுத்து வாங்கினார். கப்பலிலேயே படிக்கத் தொடங்கினார். ஆய்வுக்காக மீண்டும் கேம்பிரிட்ஜ் செல்லும் எண்ணம் நிறைவேறவில்லை. பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் ஆசிரியரானார். வகுப்பறையில் இயற்பியலும் வீட்டில் புள்ளியியலுமாக ஆண்டுகள் நகர்ந்தன.

அவ்விதழ் அவரை ஈர்த்த காரணத்தை விளங்கிக்கொள்ள, பின்னாளில் அவர் கையாண்ட வயல்களையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம். பின்வரும் எண்கள் விளக்கத்திற்காகப் புனைந்துகொண்டவை. ஓர் ஊரில் நான்கு வயல்களைக் குறிப்பின்றித் தேர்ந்து விளைச்சலை அளக்கிறோம். ஏக்கருக்கு 12, 25, 16, 23 மூட்டைகள் கிடைக்கின்றன. சராசரி 19. அடுத்த ஊரிலும் நான்கு வயல்கள். அங்கே 20, 22, 21, 21. சராசரி 21. இரு பட்டைகள் வரைகிறோம். இரண்டாவது பட்டை சற்று உயர்ந்து நிற்கிறது. இரண்டாம் ஊரே வளமானது என முடிவுகட்டி எழுந்துவிடுகிறோம்.

இப்பொழுது பட்டைகளோடு நில்லாமல் ஒவ்வொரு வயலையும் ஒரு புள்ளியாக அந்தந்த ஊருக்கு நேரே குறித்துப் பார்ப்போம். இரண்டாம் ஊரின் புள்ளிகள் ஒன்றையொன்று ஒட்டி நிற்கின்றன. முதல் ஊரின் புள்ளிகளோ மேலும் கீழுமாகச் சிதறிக் கிடக்கின்றன. அங்கே வேறு நான்கு வயல்களைத் தேர்ந்திருந்தால் சராசரி 17 ஆகவும் இருந்திருக்கலாம், 22 ஆகவும் இருந்திருக்கலாம். இவ்வாறு ஊசலாடும் அளவைக் கணக்கிட்டுச் சொல்வதே திட்டப்பிழை. முதல் ஊருக்கு அது சுமார் 3. இரண்டாம் ஊருக்குச் சுமார் 0.4. முதல் பட்டையின் உச்சியில் 16 முதல் 22 வரை ஒரு செங்குத்துக் கோட்டை இழுத்தால், இரண்டாம் ஊரின் சராசரி அக்கோட்டின் எல்லைக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. எது வளமான ஊர் என்று இந்த எட்டு வயல்களை வைத்துக்கொண்டு சொல்ல இயலாது. பட்டை மட்டும் சொல்லியதைப் புள்ளிகளும் பிழைக்கோடும் மறுத்துவிட்டன.

இங்குப் பிழை என்பது எவரும் செய்த தவற்றைக் குறிப்பதன்று. முழுவதையும் அளக்க இயலாமல் சிலவற்றை அளந்து சொல்லும்போது தவிர்க்கவொண்ணாமல் உடன்வரும் ஐயத்தின் அளவே அது. தமிழில் அச்சொல் குற்றப்பொருளையும் தாங்கி நிற்பதால் மாணவர்கள் மயங்குவதுண்டு.

இக்கருத்தைக் கையாளும் வாய்ப்பு 1920இல் வந்தது. நாகபுரியில் நடைபெற்ற அறிவியல் மாநாட்டில் விலங்கியல் ஆய்வுத்துறையின் இயக்குநர் நெல்சன் அன்னண்டேலை மகலனோபிஸ் சந்தித்தார். கொல்கத்தாவின் ஆங்கிலோ இந்தியர்களிடமிருந்து திரட்டிய உடலளவுகளை அன்னண்டேல் அவரிடம் ஒப்படைத்தார். 1922இல் வெளியான அந்த ஆய்வே மகலனோபிஸின் முதல் புள்ளியியல் கட்டுரை. பின்னர், ரிஸ்லி என்பார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வெளியிட்டிருந்த வங்க மக்களின் உடலளவுகளையும் அவர் மீண்டும் கணக்கிட்டுப் பார்த்தார். அச்சேறிப் பல்லாண்டுகள் எவராலும் ஐயுறப்படாதிருந்த எண்களில் முரண்பாடுகள் வெளிப்பட்டன. அவற்றைத் திருத்தி வெளியிட்டார்.

மக்களைக் குழுக்களாகப் பகுத்து உடலளவுகளை ஒப்பிடும் அக்கால மானுடவியலின் நோக்கங்களை இன்றைய அறிவுலகம் அப்படியே ஏற்பதில்லை, ஏற்காததும் சரியே. ஆனால், அப்பணியினூடே அவர் கண்ட அளவுமுறை நிலைத்துவிட்டது. இரு குழுக்களின் சராசரிகளுக்கு இடையேயான வேறுபாட்டை வெறுமனே பார்த்தல் ஆகாது. குழுக்களுக்கு உள்ளேயே இருக்கும் சிதறலோடு ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும் என்பது அதன் கரு. 1936இல் முழுவடிவம் பெற்ற அது இன்று உலகெங்கும் மகலனோபிஸ் தொலைவு என அவர் பெயராலேயே வழங்குகிறது.

1922இல் வடவங்கத்தில் பெருவெள்ளம் ஏற்பட்டது. நீரைத் தேக்கிவைக்கும் பெரும்பள்ளங்களை மிகுந்த செலவில் அமைக்கலாம் என்றிருந்தனர் பொறியாளர்கள். மகலனோபிஸ் ஏறத்தாழ ஐம்பதாண்டு மழைப்பதிவுகளை ஆராய்ந்து, அவற்றால் பயனில்லை. நீர் விரைந்து வடிய வழிசெய்தலே தேவை எனக் காட்டினார். 1926இல் ஒரிசாவின் பிராமணி ஆறு கரைபுரண்டபோது, ஆற்றுப்படுகை உயர்ந்துவிட்டது. ஆகவே கரைகளையும் உயர்த்த வேண்டும் என வல்லுநர்கள் கருதினர். பதிவுகளைப் பரிசோதித்த அவர் படுகை உயரவில்லை என நிறுவினார். இரு நிகழ்வுகளிலும் கண்ணுக்குத் தோன்றியது ஒன்றாகவும் எண்கள் காட்டியது வேறாகவும் இருந்தன.

கல்லூரியில் அவருடைய அறையின் ஒரு மூலையே புள்ளியியல் ஆய்வகமாக இருந்தது. அங்கிருந்துதான் இந்தியப் புள்ளியியல் நிறுவனம் பிறந்தது. 1931 டிசம்பர் 17ஆம் நாள் கூடிய கூட்டம் அதனை நிறுவ முடிவுசெய்தது. மறு ஆண்டு ஏப்ரலில் அது பதிவுபெற்றது. முதல் ஆண்டின் மொத்தச் செலவு 250 ரூபாய்க்கும் குறைவு. 1933இல் ‘சாங்கியா’ என்னும் ஆய்விதழ் தொடங்கப்பெற்றது. எண் என்பதையும் தெளிந்த அறிவு என்பதையும் ஒருசேரக் குறிக்கும் வடசொல்லை அவர் அதற்குப் பெயராகத் தேர்ந்தார். ராஜ் சந்திர போஸ், எஸ்.என். ராய், சி.ஆர். ராவ் முதலிய பேரறிஞர்கள் இந்நிறுவனத்தில் பணியாற்றினர்.

மகலனோபிஸின் புகழுக்கு அடித்தளமிட்ட பணி சணல் வயல்களில் தொடங்கிற்று. வங்கத்தின் செல்வமும் உழவரின் பிழைப்பும் சணலை நம்பியிருந்த காலம் அது. எவ்வளவு நிலத்தில் சணல் விதைக்கப்பட்டுள்ளது என்னும் மதிப்பீடு முன்கூட்டியே வெளியாகும். சந்தை விலை அதனைத் தொட்டு ஏறும், இறங்கும். அம்மதிப்பீடு உருவான விதமோ வியப்பிற்குரியது. நிரந்தர நிலவரித் திட்டம் நடப்பிலிருந்த வங்கத்தில், ஊர்தோறும் நிலக்கணக்கு எழுதும் அலுவலர் இலர். ஊர்க்காவலர் தாம் கண்டதையும் கேட்டதையும் சொல்வார். விளைச்சலைப் பொறுத்தமட்டில், நிறைவிளைச்சல் 16 அணா எனக்கொண்டு, இவ்வாண்டு 12 அணா, 10 அணா எனக் கண்பார்வையால் மதிப்பிடுவர். அவ்வாறு வந்த எண்கள் மேலே செல்லச் செல்லக் கூட்டப்பட்டு, தலைநகரை அடையும்போது துல்லியமான புள்ளிவிவரங்களாகத் தோற்றம் கொண்டுவிடும்.

1937இல் மகலனோபிஸ் சிறிய அளவில் ஒரு மாதிரிக் கணக்கெடுப்பைத் தொடங்கினார். வரைபடத்தில் குறிப்பின்றித் தேர்ந்தெடுத்த சிறுசிறு நிலத்துண்டுகளுக்குக் களப்பணியாளர்கள் நேரிலே செல்லவேண்டும். அங்கே என்ன பயிர் நிற்கிறது எனக் குறித்துவரவேண்டும். சணல் வளரும் பருவமோ மழைப்பருவம். படகிலும் சேற்றிலுமாகப் பயணம். ஆண்டுதோறும் பரப்பை விரித்துக்கொண்டே சென்று, 1941இல் வங்கம் முழுவதையும் தம் கணக்கெடுப்பினுள் கொணர்ந்தார்.

எத்தனை துண்டுகளை அளந்தால் போதும்? துண்டின் அளவு எவ்வளவு இருக்கவேண்டும்? துண்டுகளின் எண்ணிக்கையை நான்கு மடங்காக்கினால்தான் திட்டப்பிழை பாதியாகும். ஆனால், பயணச் செலவும் ஊதியமும் ஏறிக்கொண்டே போகும். பணியாளர் நடக்கும் நேரம், அளக்கும் நேரம், எழுதும் நேரம் என ஒவ்வொன்றையும் பதிவுசெய்து, குறிப்பிட்ட செலவில் பெறக்கூடிய மிகக்குறைந்த பிழை எது எனக் கணக்கிட்டார். ஒவ்வொரு வயலாக எண்ணிய அரசுக் கணக்கெடுப்பின் செலவில் மிகச்சிறு பங்கே அவருடைய கணக்கெடுப்புக்கு ஆயிற்று. சந்தைக்கு உண்மையில் வந்த சணலின் அளவோடு ஒப்பிட்டபோது, முழுமையாக எண்ணியதைவிடச் சிலவற்றை மட்டும் எண்ணிய கணக்கே நெருங்கி நின்றது. அவசரமாகத் திரட்டப்பட்ட பெரும்படை கவனக்குறைவாக எண்ணும். பயிற்சிபெற்ற சிறுகுழு கருத்தூன்றி எண்ணும்.

இவ்விடத்தில்தான் அவருடைய தனிச்சிறப்பான கருத்து ஒன்று உருப்பெற்றது. ஒரே பகுதிக்கு ஒரு குழுவை அனுப்பாமல் இரு குழுக்களை அனுப்பினார். இரு குழுக்களுக்கும் தனித்தனியே தேர்ந்தெடுத்த நிலத்துண்டுகள். ஒன்றன் முடிவை மற்றொன்று அறியாது. ஒரு மாவட்டத்திற்கு ஒரு புள்ளி என்பதற்கு மாற்றாக இரு புள்ளிகள் கிடைத்தன. அவை அருகருகே விழுந்தால் அம்மாவட்டத்தின் எண்ணை நம்பலாம். விலகி விழுந்தால், தற்செயலான ஏற்றத்தாழ்வோ பணியாளரின் சோர்வோ ஏதோவொன்று அங்கே ஒளிந்திருக்கிறது, தேடிக் காணவேண்டும். சூத்திரத்தால் கணக்கிடும் திட்டப்பிழை, மர நிழலில் அமர்ந்து பொய்க்கணக்கு எழுதும் பணியாளரைக் கண்டுபிடிக்காது. இரு புள்ளிகளின் இடைவெளி அவரையும் காட்டிக்கொடுத்துவிடும். கணிதம் அறியாதவரும் அந்த இடைவெளியைக் கண்ணால் காணலாம். ஊடுகலந்த கூறுகள் எனப் பொருள்படும் பெயரால் இம்முறை புள்ளியியலில் நிலைபெற்றது.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. இரு குழுக்களும் ஒரே தவற்றை ஒரே திசையில் செய்தால், புள்ளிகள் நெருங்கியே நிற்கும்; எனினும் இரண்டும் உண்மையிலிருந்து விலகியிருக்கும். விளைச்சலை அறிய வயலில் சிறு பகுதியை அறுத்துப் பார்க்கும்போது, எல்லையோரத்துப் பயிரையும் உள்ளே சேர்த்துக்கொள்ளும் இயல்பு அறுப்பவருக்கு உண்டு. அறுக்கும் பரப்பு சிறிதாகச் சிறிதாக இம்மிகை பெருகும். வேளாண் புள்ளியியல் அறிஞர் பி.வி. சுகாத்மே இதனை வலியுறுத்தி, பெரிய பரப்புகளையே அறுக்கவேண்டும் என வாதிட்டார். மிகச்சிறிய பரப்புகள் மிகைப்படுத்தும் என்பதை மகலனோபிஸும் தம் சோதனைகளில் கண்டிருந்தார். எவ்வளவு சிறிதானால் தீங்கு என்பதிலேயே கருத்துவேறுபாடு. இருவருக்கும் இடையிலான அவ்விவாதம் நெடுங்காலம் நீடித்தது. இவ்வொன்றில் சுகாத்மேயின் எச்சரிக்கையைப் புறந்தள்ளிவிட இயலாது. பிழைக்கோடு சிறிதாக இருப்பதாலேயே பட்டை சரியான இடத்தில் நிற்கிறது என்று கொள்ளலாகாது.

1943இல் வங்கத்தைப் பெரும்பஞ்சம் தாக்கியது. மாகாணத்தில் எவ்வளவு அரிசி இருக்கிறது என்பதை எவரும் உறுதியாக அறிந்திருக்கவில்லை. அணாக்கணக்கில் மதிப்பிட்ட எண்களை நம்பியிருந்த ஆட்சிக்கு, கையிருப்பும் தெரியவில்லை, தேவையும் தெரியவில்லை. இறந்தோர் தொகையைக்கூட ஒரே எண்ணாகச் சொல்ல முடியாமற்போயிற்று. அரசின் விசாரணைக் குழு 15 லட்சம் என மதிப்பிட்டது. பின்வந்த ஆய்வாளர் பலர் 20 முதல் 30 லட்சம் வரை எனக் கருதினர். அந்த இடைவெளிக்குள் எத்தனை ஊர்கள் அடங்கும் என எண்ணிப்பாருங்கள்.

1944, 1945ஆம் ஆண்டுகளில் மகலனோபிஸும் அவருடைய குழுவினரும் பஞ்சம் பாதித்த ஊர்களுக்குச் சென்றனர். 15,000க்கும் மேற்பட்ட குடும்பங்களைச் சந்தித்து, பஞ்சத்திற்குமுன் அக்குடும்பம் எத்தொழிலைச் செய்தது, இப்பொழுது என்ன செய்கிறது, நிலம் விற்றதா, மாடு விற்றதா, வறியோராகிவிட்டதா எனக் கேட்டுக் குறித்தனர். குடும்பங்கள் தொழில்வாரியாகப் பகுக்கப்பட்டன. சொந்த நிலத்தில் பயிரிடுவோர், கூலி உழவர், மீனவர், கைவினைஞர், வண்டியோட்டுவோர் எனத் தனித்தனிப் பிரிவுகள். ஒவ்வொரு பிரிவிலும் வறுமையில் வீழ்ந்தோர் எத்தனை விழுக்காடு எனப் பார்த்தபோது, பஞ்சம் எல்லாரையும் ஒன்றுபோலத் தாக்கவில்லை என்பது வெளிப்பட்டது. சொந்த நிலமுடையோர் ஓரளவு தாக்குப்பிடித்தனர். நிலமற்ற கூலி உழவரும் மீனவரும் மிகுதியாக வீழ்ந்தனர்.

இத்தகைய தொழில்வாரி ஒப்பீட்டில் ஐயத்தின் அளவு மிகவும் இன்றியமையாதது. பயிரிடுவோர் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும். அப்பட்டையின் பிழைக்கோடு மிகச்சிறியது. எண்ணிக்கையில் குறைந்த தொழிற்பிரிவினருக்கோ பிழைக்கோடு நீளும். எவருக்கு நிவாரணம் முதலில் சேரவேண்டும் என்னும் வினாவுக்கு விடை, பட்டைகளுக்கு இடையேயுள்ள வேறுபாடு அக்கோடுகளைத் தாண்டி நிற்கிறதா என்பதைப் பொறுத்தது. 1946இல் இவ்வாய்வு ‘சாங்கியா’ இதழில் வெளிவந்தது. பஞ்சம் முடிந்த பிறகு எடுத்த கணக்கு அது. இறந்தோரை அது மீட்கவில்லை. முழுமையாக அழிந்துபோன குடும்பங்கள் கணக்கெடுப்போரின் கேள்விகளுக்கு விடைசொல்ல எஞ்சியிருக்கவும் இல்லை.

இதற்கிடையே 1945இல் இலண்டன் அரச கழகம் அவரை உறுப்பினராகத் தேர்ந்தது. விடுதலைக்குப்பின் 1949இல் அமைச்சரவையின் மதிப்புறு புள்ளியியல் ஆலோசகரானார். நாட்டு வருமானத்தைக் கணக்கிடும் குழுவுக்குத் தலைமை ஏற்றார். மக்கள் எதை உண்கிறார்கள், எவ்வளவு செலவிடுகிறார்கள் என்பதற்குத் தரவே இல்லை என உணர்ந்த நேரு அரசு, 1950இல் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பைத் தொடங்கியது. அதன் முதல் சுற்றில், நாட்டின் ஐந்தரை லட்சத்திற்கும் மேற்பட்ட ஊர்களிலிருந்து சுமார் 1,800 ஊர்கள் மட்டுமே தேர்ந்தெடுக்கப்பட்டன. ஓர் ஊரின் படி மறு ஊரின் படியன்று. ஓரிடத்து மணங்கு வேறிடத்து மணங்கன்று. அளவைகளை ஒப்புமைப்படுத்துவதே பெரும்பாடாயிற்று. பின்னர் மத்திய அரசின் கூறோடு மாநிலங்களும் தமக்கென ஒரு கூறை எடுத்துக் கணக்கிடும் வழக்கம் ஏற்பட்டது. சணல் வயலின் இரு புள்ளிகள் நாடளவில் விரிந்தன.

இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்திற்கு அடிப்படையான பொருளாதார வடிவத்தை வகுத்தவரும் அவரே. கனரகத் தொழில்களுக்கு அது அளித்த முதன்மை இன்றளவும் விவாதிக்கப்படுகிறது. 1956இல் அவருடைய நிறுவனத்திற்கு வந்த கணிப்பொறி, இந்தியாவில் இயங்கிய முதல் மின்னணுக் கணிப்பொறி. இவையாவும் தனிநூல்களுக்குரிய செய்திகள்.

அறுபத்தைந்து வயதை நெருங்கும்போது அவர் மீண்டும் வரைபடத்திற்குத் திரும்பினார். மாதிரிக் கணக்கெடுப்பு திரட்டிய குடும்பச் செலவுத் தரவுகளை வைத்துக்கொண்டு ஒரு புதிய படமுறையை உருவாக்கினார். எளிமையான முறைதான். குடும்பங்களைத் தலைக்குரிய செலவின்படி, மிகவும் ஏழையிலிருந்து மிகவும் வசதியுள்ளவர் வரை வரிசைப்படுத்த வேண்டும். வரிசையைச் சம எண்ணிக்கையுள்ள பத்துப் பிரிவுகளாக வெட்ட வேண்டும். படத்தின் அடிக்கோட்டில் அப்பத்துப் பிரிவுகளையும் குறித்து, ஒவ்வொன்றுக்கும் நேரே அப்பிரிவினர் தானியத்திற்குச் செலவிடும் சராசரியை ஒரு புள்ளியாக இட வேண்டும். புள்ளிகளை இணைத்தால் ஒரு கோடு கிடைக்கும்.

ஆனால், அவர் ஒரு கோட்டோடு நிறுத்தவில்லை. முதற்கூறுக்கு ஒரு கோடு, தனியே எடுத்த இரண்டாம் கூறுக்கு மற்றொரு கோடு, இரண்டையும் சேர்த்த முழுமைக்கு நடுவே மூன்றாவது கோடு. முதலிரு கோடுகளுக்கும் இடைப்பட்ட பரப்பைப் பிழைப்பரப்பு என அழைத்தார். ஏழைகளின் பக்கத்தில் அப்பரப்பு ஒடுங்கியிருக்கலாம். செல்வர் பக்கத்தில் அகன்றிருக்கலாம். எங்கே எண் உறுதியானது, எங்கே ஆட்டம் காண்கிறது எனப் படமே சொல்லிவிடும். வேறோர் ஆண்டுக்கோ வேறொரு வட்டாரத்திற்கோ இதே படத்தை வரைந்து மேலே பொருத்திப்பார்க்கலாம். இரு முழுமைக் கோடுகளுக்கும் இடையேயுள்ள விலகல் பிழைப்பரப்புகளை விஞ்சி நின்றால்தான், மக்கள் வாழ்க்கை மாறியிருக்கிறது எனச் சொல்லலாம். விஞ்சாவிட்டால், ஏழ்மை குறைந்தது என அமைச்சர் மேடையில் கூறுவதற்கும் பெருகிற்று என எதிர்க்கட்சியினர் கூறுவதற்கும் அப்படத்தில் ஆதாரமில்லை. 1960இல் ‘எகனாமெட்ரிகா’ என்னும் பன்னாட்டு ஆய்விதழில் இம்முறையை விளக்கும் கட்டுரை வெளிவந்தது.

அளவுகளின் உறுதியை இவ்வளவு ஆராய்ந்தவர் கவிதையிலும் தோய்ந்தவர் என்பது சிலருக்கு வியப்பளிக்கலாம். தாகூருடன் அவருக்கிருந்த நட்பு ஆழமானது. மனைவி நிர்மலகுமாரியுடன் ஐரோப்பியப் பயணங்களில் கவிஞரோடு உடன்சென்றார். விசுவபாரதியின் செயலாளராகவும் பணியாற்றினார். பாராநகரில் அவர் வாழ்ந்த இல்லத்திற்கு ‘ஆம்ரபாலி’ எனப் பெயரிட்டவர் தாகூரே. 1959இல் நாடாளுமன்றம் அவருடைய நிறுவனத்தைத் தேசிய முதன்மை வாய்ந்த நிறுவனமாக அறிவித்தது. 1968இல் பத்ம விபூஷண் விருது அளிக்கப்பெற்றது. இறுதிவரை நிறுவனப் பணிகளில் ஈடுபட்டிருந்த அவர், தம் எழுபத்தொன்பதாம் பிறந்தநாளுக்கு முந்தைய நாளான 1972 ஜூன் 28இல் கொல்கத்தாவில் மறைந்தார்.

ஒன்பது ஆண்டுகளுக்குப்பின், 1981இல், அமர்த்தியா சென் பஞ்சங்களைப் பற்றி எழுதிய நூல் வெளியாயிற்று. வங்கப் பஞ்சத்தை உணவுப் பற்றாக்குறையால் மட்டும் விளக்கிவிட முடியாது. உணவை வாங்கும் ஆற்றலைச் சில தொழிலினர் இழந்ததே பேரழிவுக்குக் காரணம் என அவர் வாதிட்டார். கூலி உழவரும் மீனவரும் பிறரைவிட மிகுதியாக வீழ்ந்தனர் என்பதற்கு அவர் எடுத்தாண்ட சான்றுகளில், மகலனோபிஸின் குழுவினர் ஊர் ஊராகச் சென்று நிரப்பிக்கொண்டுவந்த தொழில்வாரி அட்டவணைகளும் இருந்தன.